பத்திரத்தில் இல்லாத இலுப்பை மரம்

ஸ்தனிஸ்லாஸ் ஒரு நாளைக்குப் பதினான்கு பக்கம் எழுதுவார். பதினான்கும் அடுத்தவர் நிலம்.

திருச்சியில் ஒரு ரிஜிஸ்தர் ஆபீஸில் அவர் நகல் குமாஸ்தா. நிலம் வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுவருவார்கள். அதை எழுத்துக்கு எழுத்து ஆபீசின் பெரிய புத்தகத்தில் எழுதிக்கொண்டு, அசலை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் புத்தகத்துக்கு வால்யூம் என்று பெயர். அசல் தொலைந்தாலும் எரிந்தாலும் வால்யூம் பேசும். அதை எழுதுவதுதான் அவர் வேலை. காலை பத்தரையிலிருந்து மாலை ஐந்து வரை, 1949-ஆம் வருஷத்திலிருந்து.

எல்லாப் பத்திரமும் ஒரே பத்திரம்தான். 'எனக்குப் பாத்தியமாகி என் சர்வ சுதந்திர அனுபோகத்தில் இருந்து வரும்' என்று தொடங்கும். கிழக்கே இன்னது, மேற்கே இன்னது என்று நான்கு எல்லையும் வரும். 'மாவடை மரவடை உட்பட' என்று, நிற்கிற மரங்களையும் சேர்த்து, முடியும். பேர் மாறும், ஊர் மாறும். வேறொன்றும் மாறாது.

இரண்டு தடவை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். ஜனங்கள் வந்து பேசுகிற கவுண்டரில் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்று இருந்தது. இரண்டு தடவையும் அவர் கையெழுத்தே அவரைக் கவிழ்த்தது. அச்சுப் போட்டது போல் இருக்கும்.

"உம்மை எடுத்துட்டா வால்யூம் கோழி கிளறின மாதிரி ஆயிடும்யா" என்று பாராட்டித் திருப்பி அனுப்பினார் அப்போதிருந்த சப்ரிஜிஸ்திரார்.

அதன் பிறகு அவரே வழி தேடிக்கொண்டார். மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்தவர், எழுதும்போது மனசுக்குள் பிரார்த்தனை சொல்லிப் பார்த்தார். ஒரு நாள் கிரயப் பத்திரத்தின் நடுவில் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று எழுதிவிட்டு, பிளேடால் அரை மணி நேரம் சுரண்ட வேண்டியதாயிற்று. அதோடு அது நின்றது.

பிறகு எழுதுகிற நிலத்தை மனசில் பார்க்கத் தொடங்கினார். பாலக்கரையில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிற மனுஷர். சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. வாய்க்கால் என்று எழுதினால் தண்ணீர் ஓடுவது தெரியும். வண்டிப்பாதை என்றால் புழுதி தெரியும். நடுவில் மட்டும் வெறிச்சென்று இருக்கும்.

1953 சித்திரையில் ஒரு பிற்பகல், மின்விசிறி நின்றுபோய், மை விரலில் பிசுபிசுத்தபோது, அந்த வெற்றிடத்தில் ஒரு நாவல் மரத்தை வைத்தார். 'தென்மேற்கு மூலையில் உள்ள நாவல் மரம் ஒன்று உட்பட.' எழுதியதும் யாராவது பார்த்தார்களா என்று நிமிர்ந்து பார்த்தார். ஆனால் நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, மணி ஐந்து அடித்தது தெரியவில்லை.

அன்று வீட்டுக்குப் போனவர் மனைவியிடம் சொன்னார்: "இன்னிக்கு ஒரு நாவல் மரம் வச்சேன், லூர்து."

"எங்கங்க? கோயில் வளவுலயா?"

"சர்வே நம்பர் நாப்பத்தாறுல."

"யாரு தண்ணி ஊத்துவா?"

"அது தானா வளரும்."

"வளந்தா பழம் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு லூர்து சோறு போடப் போனாள்.

மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வைத்தார். பாவம் என்று தோன்றவில்லை. பத்திரத்திலேயே மரவடை உட்பட என்று இருக்கிறது. ஒரு மரம் கூடினால் யாருக்கு என்ன நஷ்டம்?

பிடிபட வேண்டியவர்தான். எழுதி முடித்ததும் ஒப்புப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒருவர் அசலை வாசிப்பார், இன்னொருவர் வால்யூமைப் பார்த்துச் 'சரி' சொல்வார். எழுதினவர் அதில் சேரக்கூடாது. ஆனால் அந்த ஆபீஸில் அதற்கு இருந்தவர் ரத்தினவேல் ஒருவர்தான். அதனால் ரத்தினவேல் அசலை வாசிப்பார், எழுதின ஸ்தனிஸ்லாஸே வால்யூமைப் பார்த்துச் 'சரி' சொல்வார். ரத்தினவேலுக்கும் அதே சலிப்புதான். எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி வாசிப்பார், பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு. கடைசியில் 'ஒப்பு நோக்கியவர்' என்ற இடத்தில் ஒரு கையெழுத்து.

எட்டு வருஷம் இப்படிப் போயிற்று.

1961 மார்கழி தொடக்கத்தில், நாற்பது வயதுப் பெண் ஒருத்தி மனுவோடு வந்தாள். கொள்ளிடத்து வடகரைக் கிராமம். பேர் வெள்ளையம்மாள்.

"புஸ்தகத்தை ஒரு தடவை பாக்கணும்ங்க."

"நகல் வாங்கலியாம்மா?"

"வாங்கினோம்ங்க. அதுலதான் வில்லங்கம். அசல் பத்திரம் ஆடி வெள்ளத்துல கூரையோட போயிடுச்சு. அதுக்கு முந்தின மாசந்தான் எங்க வீட்டுக்காரரு போனாரு."

"உட்காருங்க. என்ன வில்லங்கம்?"

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். 1955-ல் அவள் கணவனின் பெரியப்பா அவனுக்கு ஓர் ஏக்கர் விற்றார். வாய்க்காலோரம் அவருக்கு இரண்டு துண்டு இருந்தது. தண்ணீர் முதலில் பாயும் தலைமடை ஒன்று, தண்ணீர் எட்டிப் பார்க்காத கடைமடை ஒன்று. இரண்டுக்கும் ஒரே சர்வே நம்பர், கிழக்கே வாய்க்கால், மற்ற மூன்று பக்கமும் அவர் நிலம். விற்றது தலைமடை; பத்திரத்தில் அந்தப் பேர் மட்டும் எழுதவில்லை.

"இப்ப அவரும் இல்லீங்க. அவரு மவன் மதுரைவீரன், 'உங்க பத்திரத்துல இலுப்பை மரம் போட்டிருக்கு, இலுப்பை நிக்கிறது கடைமடையில, அதான் உங்களுது'ன்னு தலைமடையை உழுதுட்டான். நகலைப் படிச்சுப் பாத்த வக்கீலும் ஆமாங்கறாரு."

"தலைமடையில மரம் இல்லியா?"

"செடிகூடக் கெடையாது. பத்திரம் எழுதினப்ப வாசிச்சாங்க. நான் கதவோரமா நின்னு கேட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, காது நல்லா கேக்கும். மரம்னு ஒரு வார்த்தை வரல."

ஸ்தனிஸ்லாஸ் வால்யூமை எடுத்து வந்து பக்கத்தைத் திருப்பினார். அச்சு மாதிரி எழுத்து. 'வடகிழக்கு மூலையில் உள்ள இலுப்பை மரம் ஒன்று உட்பட.'

பார்த்தவுடன் தெரிந்தது. அவருடைய மரம்.

"இருக்குங்களா?"

"இருக்கு."

"இங்க எழுதறப்பத் தப்பு வந்திருக்குமா?"

பக்கத்து மேஜையிலிருந்து ரத்தினவேல் தலை நிமிர்த்தினார். "கவர்மென்டு புஸ்தகம்மா இது. ஒப்புப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கு பாருங்க. தப்பெல்லாம் வராது."

அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் வாயைத் திறக்க வேண்டிய நேரம் அது.

"ஆமாம்மா" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "புஸ்தகத்துல இருக்கறதுதான்."

வெள்ளையம்மாள் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வக்கீலு அதான் சொன்னாரு. புஸ்தகத்துலயும் மரம் இருந்தா கேஸு நிக்காது, சமாதானமாப் போயிடுன்னு. வரேங்க."

அன்று அவர் ஒரு பக்கம்கூட எழுதவில்லை.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போகும் முன் ஸ்ரீரங்கம் போனார். அந்தப் பத்திரத்தை எழுதியவர் உத்திர வீதி ஆராவமுது ஐயங்கார். இராப்பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் இடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டை அடைந்தபோது ஐயங்கார் அப்போதுதான் திருமண் இட்டுக்கொண்டிருந்தார்.

"வாரும், வாரும். மார்கழி மாசத்திலே பாலக்கரைக்காரர் வந்திருக்கீரே, பெருமாளைச் சேவிக்கவோ?"

"உங்களைச் சேவிக்கத்தான் சாமி."

"அபசாரம்! காரியத்தைச் சொல்லும்."

ஐயங்காருக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் டிராப்ட் எழுதுவார். அதை வாசித்துக் காட்டி, விற்பவரிடம் டிராப்டிலேயே கையெழுத்து வாங்காமல் பத்திரத்தாளைத் தொடமாட்டார். டிராப்டுகளை வருஷவாரியாகக் கட்டி மரப்பெட்டியில் வைத்திருந்தார். 1955 கட்டை அவிழ்த்துப் பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார்.

மரம் இல்லை. கீழே விற்பவர் கையெழுத்து இருந்தது.

"எதுக்குங்காணும் இது?"

"ஒரு அம்மாவுக்கு வேணும். பத்திரம் வெள்ளத்துல போயிடுச்சு."

"ஐயோ பாவம். அப்போ இன்னிக்கே கொண்டுபோய்க் கொடும்."

கொடுத்திருக்கலாம். லால்குடி பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் அவள் ஊர். ஸ்தனிஸ்லாஸ் ஆபீஸுக்குப் போனார்.

அன்று மாலை ரத்தினவேலிடம் எல்லாவற்றையும் சொன்னார். ரத்தினவேல் வீடு திருவானைக்காவலில். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காவேரிப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எத்தனை?"

"என்ன எத்தனை?"

"மரம்யா, மரம்!"

"எண்ணல."

"எண்ணலியா! தோப்பே வச்சிருக்கியா?" ஒரு கணம் சிரிப்புக்கூட வந்துவிட்டது ரத்தினவேலுக்கு. பிறகு முகம் சுண்டிப்போயிற்று. "அடப்பாவி. எல்லாத்துக்கும் கீழே என் கையெழுத்து இருக்கேய்யா."

"அதான் உங்கிட்ட சொல்றேன். நாளைக்கு ஆபீசர்கிட்ட..."

"நாளைக்கா? தை இருபது என் பொண்ணுக்குக் கல்யாணம். சஸ்பெண்டுன்னு ஒரு வார்த்தை சம்பந்தி காதுல விழுந்தா பந்தக்கால் ஊன விடுவாங்களா?" ரத்தினவேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தை இருபது போகட்டும். இருபத்தொண்ணு காலைல நானே உன்கூட வந்து நிக்கறேன். முருகன் சத்தியம்."

"அந்தம்மா சமாதானமாப் போயிடுவேன்னுச்சு, ரத்தினம்."

"போனா? கோர்ட்டு காரியம் என்ன பஸ்ஸா, விட்டா போயிடறதுக்கு? வாய்தா, மறுபடி வாய்தா, வக்கீலுக்குக் காய்ச்சல், அப்புறம் பொங்கல் லீவு. நம்ம ஆபீஸ்லயே ஒரு காகிதம் மேஜை விட்டு மேஜை போக எத்தனை நாளாகுது?"

அதை இருவரும் உண்மையாகவே நம்பினார்கள். எதுவும் நகராத இடத்தில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவர்கள். வெளியிலும் எதுவும் நகராது என்று நினைத்தார்கள்.

வீட்டில் சொன்னபோது லூர்து கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மா பேரு என்னங்க?"

"வெள்ளையம்மாள்."

"நாளைக்கே போய்க் கொடுத்துட்டு வாங்க."

"தை இருபது வரைக்கும்..."

லூர்து அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வெள்ளையம்மாள் வந்துபோன ஒன்பதாம் நாள், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, ஆபீஸ் வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. மதுரைவீரன் இறங்கினான். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் சாட்சிக்கு இறங்கினார்கள். கடைசியாக வெள்ளையம்மாள் இறங்கினாள்.

விடுதலைப் பத்திரம். தலைமடையில் தனக்கு ஒரு பாத்தியமும் இல்லை என்று அவள் எழுதிக் கொடுக்கிறாள்.

ஸ்தனிஸ்லாஸின் மேஜையிலிருந்து சப்ரிஜிஸ்திராரின் மேஜை பத்தடி. டிராப்ட் அவருடைய பையில் இருந்தது. பை காலடியில் இருந்தது.

"மனசு ஒப்பித்தானே எழுதிக் கொடுக்கறீங்க?" என்று சப்ரிஜிஸ்திரார் கேட்டார்.

"ஆமாங்க."

பியூன் அவள் பெருவிரலை மையில் புரட்டினான். ஸ்தனிஸ்லாஸ் பாதி எழுந்துவிட்டார். ரத்தினவேல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதட்டவில்லை. கண்ணால் கெஞ்சினார். அது அதட்டலைவிட மோசமாக இருந்தது. ஸ்தனிஸ்லாஸ் உட்கார்ந்தார்.

"மை சேலையில படாம பாத்துக்குங்க, அண்ணி" என்றான் மதுரைவீரன், மரியாதையாகவே.

போகும்போது அவள் ஸ்தனிஸ்லாஸின் மேஜையருகே நின்றாள். "அன்னிக்குப் புஸ்தகத்தை எடுத்துக் காட்டினீங்க. நல்லா இருங்க, சாமி."

மறுநாள் அந்த விடுதலைப் பத்திரம் நகலுக்காக அவர் மேஜைக்கே வந்தது. எழுத்துக்கு எழுத்து எழுதினார். நான்கு எல்லையும் எழுதினார். ஒப்புப் பார்க்கும்போது ரத்தினவேல் ரயில் ஓட்டவில்லை. ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். 'தலைமடை' என்ற இடத்தில் குரல் இறங்கிப்போனது. "சரி" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கோயிலிலிருந்தே பஸ் ஏறினார்.

வழி கேட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்தார். தலைமடையில் கதிர் சாய்ந்து, அறுப்புக்கு ஆள் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைமடை வரை போவதற்குள் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. கோரை மண்டிக் கிடந்த மேட்டை வெள்ளையம்மாள் மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தாள்.

"வாங்க. ரிஜிஸ்தர் ஆபீஸ் ஐயாவா? என்ன இவ்வளவு தூரம்?"

அவர் காகிதத்தை எடுத்தார். "உங்க பத்திரத்தோட டிராப்ட்டும்மா. எழுதினவர்கிட்ட இருந்துச்சு."

"படிங்க."

படித்தார். அவள் மண்வெட்டியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேட்டாள். சில இடங்களில் அவள் உதடும் கூடவே அசைந்தது.

"இதேதான்" என்றாள் முடிந்ததும். "இப்படித்தான் வாசிச்சாரு அந்த அய்யரு. எனக்குத்தான் காது கெட்டுப்போச்சோன்னு நெனச்சிட்டிருந்தேன்." முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. "இது எப்பக் கெடச்சுது உங்களுக்கு?"

"நீங்க வந்துட்டுப் போன மறுநாள்."

"அப்ப, நான் ரேகை வச்சன்னிக்கு?"

"என் பையில இருந்துச்சு."

தலைமடைப் பக்கமிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது.

"மரத்தை யாரு எழுதினது?"

"நான்தான்."

"மதுரைவீரன் சொல்லியா?"

"இல்லம்மா. அவரை எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல."

"பின்ன எதுக்கு?"

பஸ்ஸில் வரும்போது இதற்கு என்னென்னவோ பதில் கோத்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

"பொழுது போகலம்மா."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். கையை ஓங்கியிருந்தால்கூட நின்றிருப்பார். அவள் கோபப்படவில்லை. புரியாத பாஷையில் பேசுகிறவனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"நெழல்ல உக்காந்த எடத்துல வேலை. பொழுது போகலியா?"

"இதை வச்சு மறுபடி கேஸ் போடலாம்மா. நான் வந்து சாட்சி சொல்றேன்."

"நாலு பேரு முன்னால மனசு ஒப்பித்தான்னு சொல்லி ரேகை வச்சிருக்கேன். இனி கோர்ட்டுக்கு யாரு நடப்பா? நீங்க நடப்பீங்களா?" கையை நீட்டி டிராப்டை வாங்கிக்கொண்டாள். மடித்து இடுப்பில் செருகினாள். "பன்னெண்டு மணி பஸ்ஸை விட்டா அப்புறம் மூணுக்குத்தான். போயிட்டு வாங்க."

அவர் வரப்பில் ஏறுவதற்குள் மண்வெட்டிச் சத்தம் மறுபடி தொடங்கிவிட்டது.

தை இருபது கல்யாணம் நன்றாக நடந்தது. இருபத்தொன்று காலை, சொன்னபடியே, ரத்தினவேல் வந்தார். இருவரும் எழுதிய வாக்குமூலத்தைச் சப்ரிஜிஸ்திராரிடம் கொடுத்தார்கள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தம்மா வந்து கேட்டன்னிக்கே, எழுதறப்பத் தப்பு விழுந்துடுச்சுன்னு சொல்லியிருந்தா போதுமே. டிராப்ட் இருக்கு, கையெழுத்து இருக்கு. ஓரத்துல ஒரு திருத்தக் குறிப்புப் போட்டிருப்பேன். உங்களுக்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். கல்யாணமும் நின்னிருக்காது, அந்தம்மா நிலமும் போயிருக்காது." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "இப்ப அவங்களே விட்டுக் கொடுத்த நிலத்துக்கு நான் எந்த ஓரத்துல குறிப்பு எழுதறது?"

ரத்தினவேல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சம்பள உயர்வு இரண்டு வருஷம் நின்றது. வேலை போகவில்லை. 1953 சித்திரையிலிருந்து ஸ்தனிஸ்லாஸ் எழுதிய பக்கங்களையெல்லாம் இருவரும் ஐந்து மணிக்கு மேல் உட்கார்ந்து படித்து, சேர்க்கப்பட்ட மரங்களைப் பட்டியல் எடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. உரியவர்களுக்குக் கடிதம் போட்டு அசலைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் நாவல் மரம் கிடைத்தது. அது நன்றாக நினைவிருந்தது. ஒரு புன்னையும் ஒரு விளாவும் கிடைத்தன. அதற்குப் பிறகு தடுமாறினார். நிலங்களில் நிஜமாகவே மரங்கள் இருந்தன. பத்திரங்களில் நிஜமாகவே அவற்றை எழுதியிருந்தார்கள். எல்லாம் ஒரே மை, ஒரே எழுத்து. எது அந்த மண்ணில் நின்றது, எது தான் வைத்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"சர்வே நம்பர் நூத்திப்பதினேழு. மேற்கு வரப்பில் வேப்பமரம் ஒன்று" என்று வாசித்தார் ரத்தினவேல். கல்யாணத்துக்குப் பிறகு வேலை தவிர வேறு எதுவும் அவர் பேசுவதில்லை. "இது உன்னுதா?"

ஸ்தனிஸ்லாஸ் அந்த வரியை விரலால் தடவினார். கண்ணை மூடி, அந்த நிலத்தைப் பார்க்க முயன்றார். ஒன்றும் தெரியவில்லை.

"தெரியல, ரத்தினம்."

ரத்தினவேல் பேனாவை மையில் தொட்டார். "சந்தேகம்னு எழுதிக்கறேன்" என்று பக்கத்தைத் திருப்பினார்.